அப்பா நம்பருக்குப் போன ஓடிபி

வெளிநாட்டில் படித்த காலத்தில் கார்டு என் கையில் இருந்தாலும் அதை அசைக்க ஓடைப்பட்டியிலிருக்கும் அப்பா வேண்டும். நம்மூர் சிம்முக்கு அங்கே மெசேஜ் ஒழுங்காக வராது என்று யாரோ சொன்னதால், கிளம்பும் முன் வங்கியில் அவர் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஃபீஸ் கட்டும்போதெல்லாம் ஓடிபி அவருக்குப் போகும். திராட்சைப் பந்தலுக்குள் நின்றபடி பட்டன் போனைப் பார்த்து வாசிப்பார். அதற்கு முன் "சாப்ட்டியாத்தா?" என்று கேட்டாக வேண்டும். அந்தப் பேச்சு முடிவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். நான் கத்துவேன். "சரி, மறுக்கா அனுப்பச் சொல்லு. என்ன கொழம்பு?" என்பார்.

கடைசி ஃபீஸைக் கட்டிய மறுநாள் காலை சித்தப்பா கூப்பிட்டார். பந்தலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம்.

"அப்பா போயிட்டாகத்தா. ஐஸ் பெட்டி சொல்லியாச்சு. நீ வாரவரைக்கும் வச்சிருக்கோம். கெளம்பி வா."

மதியம் ஒரு விமானம் இருந்தது. ஃபீஸ் போக, கார்டில் டிக்கெட்டுக்குப் பணமும் இருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் நிரப்பினேன். உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவின் போன் அணைந்து கிடந்தது. சித்தப்பாவைப் பிடித்தேன்.

"ஓயாம அடிச்சுச்சுத்தா. அண்ணன் வச்சிருந்தது வேற குத்துப் பாட்டு. எழவு வீட்டுல நல்லாவா இருக்கு? நாந்தேன் அமத்திப் போட்டேன்."

மறுபடி போட்டார். போட்ட நிமிஷமே அந்தப் பாட்டு. துக்கம் கேட்க யாரோ கூப்பிடுகிறார்கள். வெட்டினால் இன்னொருவர். பின்னால் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் தேடி ஒரு நம்பரை வாசித்தார். தவறு என்று வந்தது. இன்னொன்று சொன்னார். அதுவும் தவறு. மூன்றாவதையும் போட்டேன், கார்டு முடங்கியது.

"இதுல நெறைய நம்பரு கெடக்கேத்தா. உனக்கு எது வேணும்?" என்றார் அப்புறம்.

அப்பா ஒரு ஓடிபியைக்கூட அழித்ததில்லை. சித்தப்பா வாசித்ததெல்லாம் நான் எப்போதோ கட்டிய ஃபீஸுகள்.

வங்கிக்கு அடித்தேன். பதிவு செய்த எண்ணிலிருந்து பேச வேண்டும் என்றாள் ஒரு பெண். அந்த நம்பர்க்காரர் செத்துப்போய்விட்டார் என்றேன். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றாள். அவளை அப்போது அப்படி வெறுத்தேன். உடன் தங்கியிருந்தவர்களின் கார்டுகளை ஒன்று சேர்த்தாலும் டிக்கெட்டுக்குக் காணாது. விமானம் போய்விட்டது.

அடுத்து சித்தப்பா கூப்பிட்டபோது குரலைத் தாழ்த்திப் பேசினார். "கரண்டு நிக்க மாட்டேங்குது. பெட்டி கூலாகல. வெயிலு வேற. எடுத்துரலாமாத்தா?"

"எடுத்துருங்க சித்தப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் கார்டு தானாகத் திறந்துகொண்டது. சித்தப்பா இந்த முறை சரியான நம்பரை வாசித்தார். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அம்மா அழவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வெகுநேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எடுக்கலாமான்னு உங்கிட்டக் கேட்டாகளாமே. நீ சரின்னியாம்" என்றாள். "எங்கிட்ட யாரும் கேக்கலத்தா. கேட்டுருந்தா இன்னும் ஒரு நாளு வச்சிருப்பேன்."