எங்கள் வீட்டை வாங்கிய ஓட்டல்

விடிவதற்குள் கேக் வேகும் வாசனை எங்கள் மாடிக்கு வந்துவிடும். "முட்டை போட்டிருப்பான், மூக்கைப் பொத்திக்கோடி" என்பாள் அம்மா. நானும் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாக ஆசை தீர இழுத்து முகருவேன். வங்காளத் தலைநகரின் சௌரங்கி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கப்பல் கம்பெனி குமாஸ்தாவான அப்பா வாடகைக்குப் பிடித்திருந்த மாடி அது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்டல்.

ஓட்டலா அது! வைஸ்ராயைப் பார்க்க வரும் மகாராஜாக்கள் பரிவாரத்தோடு வந்து இறங்கும் இடம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நாலே அறையில் சாப்பாட்டு விடுதியாக ஆரம்பித்து, பக்கத்து வீடு விலைக்கு வரும்போதெல்லாம் வாங்கி, நடுச்சுவரை உடைத்துச் சேர்த்துச் சேர்த்தே தெருவில் பாதியை ஓட்டலாக்கிவிட்டார்களாம். துரை காலமான பிறகு, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு "படா மேம்", அதாவது பெரிய துரைசானி, என்று எல்லாரும் நடுங்கிய அவர் மனைவிதான் அத்தனையையும் ஆண்டுவந்தாள்.

துர்கா பூஜை கழிந்த கையோடு எங்கள் முறை வந்தது. வீட்டுக்காரர் எங்கள் வீட்டையும் ஓட்டலுக்கு விற்றுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வரும் ஒரு மகாராஜாவுக்கு இங்கே அறை தயாராக வேண்டும், உடனே காலி செய்யுங்கள் என்று ஆள் வந்து சொன்னான். அம்மாவுக்கோ ஒன்பதாம் மாதம். "வயத்துப் பிள்ளைக்காரி இருக்கற ஆத்துல ஒரு ஆணிகூட அடிக்கப்படாது, வீடும் மாறப்படாது. அந்த துரைசானிகிட்ட போய்ச் சொல்லுங்கோ!" என்று அம்மா அப்பாவை விரட்டினாள். அவர் பயந்துகொண்டே போய் மூத்த பிள்ளையிடம் சொல்ல, அவன் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டானாம்.

மறு வாரமே அந்தப் பக்கத்திலிருந்து சுவரை இடிக்க ஆரம்பித்தார்கள். காரை பொலபொலவென்று உதிர உதிர அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. கீழ்வீட்டு வங்காளி மாஷிமா "ஓ மா!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, நிறுத்தச் சொல்லுங்கோளேன்!" என்று அம்மா அலறிய அதே சமயம், செங்கற்கள் உள்ளே சரிந்து சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

அதன் வழியாக நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! கண்ணுக்கெட்டிய வரை சிவப்புக் கம்பளம், ஆள் உயரக் கண்ணாடிகள், கொத்துக் கொத்தாகத் தொங்கும் மின்சார விளக்குகள். மண்ணெண்ணெய் விளக்கையே பார்த்து வளர்ந்த எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் முகம் குனிந்து எட்டிப் பார்த்தது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். திரும்பி, "பந்த் கரோ!" என்றாள். கொத்தர்கள் கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து இங்கிலீஷில் என்னென்னவோ கத்தினார்கள். படா மேம் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, வேறு யாரும் எட்டிப் பார்க்காதபடி ஓட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் தோளுக்கு மேலாக வெள்ளிக் கூஜாவில் வெந்நீரும் வெளுத்த துண்டுகளும் வந்துகொண்டே இருந்தன. "ஓட்டல் ஜலமாச்சே..." என்று அப்பா தயங்க, "வெந்நீர்தானே, கொண்டாங்கோ இப்படி!" என்று அந்த வலியிலும் அம்மா ஒரு அதட்டல் போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பி பிறந்தான். அதற்கப்புறம்தான் அந்தக் கிழவி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஓட்டையில் ஒரு வெல்வெட் திரை தொங்கியது. தீட்டு கழிந்து, குழந்தைக்குத் தலை நிற்கும் வரை யாரும் சுவரைத் தொடவில்லை. மகாராஜா அந்த வருஷம் வேறு ஓட்டலுக்குப் போய்விட்டார். நாங்கள் மாசியில் காளிகாட்டுக்குக் குடிபோனோம்.

போன மாதம் தம்பியை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. குடும்பத்தார் ஓட்டலை எப்போதோ விற்றுவிட்டார்கள். எங்கள் வீடு இருந்த பகுதியை இடித்துத் தள்ளி, மோட்டார் கார் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். கார்களுக்கு நடுவே நின்று மேலே கை காட்டினேன்.

"அதோ, அந்த உயரத்துலதாண்டா."

அங்கே ஒன்றுமே இல்லை. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்போ நான் ஆகாசத்துலயா பொறந்தேன், அக்கா?"

"போடா அசடு," என்றேன், "மகாராஜாவுக்கே கிடைக்காத ரூம்ல பொறந்தே."