ஆகாய விமானத்துக்கு என்ன தீனி?

ஆகாய விமானம் வாங்கச் சொல்லி எழுதிய ஒரு ஃபைலை, ‘தீனி, லாடம் ஆகிய கட்டங்கள் நிரப்பப்படவில்லை’ என்று குறித்துத் திருப்பி அனுப்பிய மேதாவி நான்தான்.

கல்கத்தாவில், பட்டாளத்துக்குச் சுமை தூக்கும் பிராணிகளை வாங்கித் தரும் ஆபீசில் அப்போது நான் குமாஸ்தா. ஒட்டகமோ கோவேறு கழுதையோ, எதற்கும் ஒரே படிவம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேலே போகாது. அந்த விதியைக் காப்பாற்றத்தான் தினமும் ஹவுராவிலிருந்து பாலம் தாண்டி வருவதாக எனக்கு நினைப்பு.

அந்த விமான ஃபைலை எழுதியவர் எங்கள் தலைமைக் குமாஸ்தா. பொடோபாபு என்போம், ஓய்வு பெறச் சில மாதங்களே பாக்கியிருந்த வங்காளி; யாரையும் ‘மோஷாய்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். முந்தின மழைக்காலத்தில் எல்லை முகாம் ஒன்றுக்கு அவர் அனுப்பிய கொய்னா மருந்து, வெள்ளத்தில் கழுதைகள் இறங்க மறுத்ததால் ஆற்றின் இக்கரையிலேயே நின்றுவிட்டது. அக்கரையில் காய்ச்சலில் கிடந்தவர்களில் சிலர் எழுந்திருக்கவில்லை. அனுப்புச் சீட்டில் இருந்தது அவர் கையெழுத்து. ஊர்க்கோடியில் டாலிகஞ்ச் மைதானத்தில் வேடிக்கைக்காக விமானம் பறந்ததைப் பார்த்தவர், அடுத்த மழைக்குள் ஒன்றை வாங்கி மருந்து அனுப்பிப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார். உத்தியோகத்தில் அவர் சொந்தமாக யோசித்து எழுதிய முதல் குறிப்பு அது.

நான் திருப்பியதற்கு அவர் கோபிக்கவில்லை. உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். தீனி: பெட்ரோல், வேலையில்லாத நாளில் தேவையில்லை. லாடம்: ரப்பர் சக்கரம். சுபாவம்: காற்றைப் பொறுத்தது. அதைவிட யோக்கியமான படிவத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

எதை வாங்குவதென்று முடிவு செய்யும் கமிட்டியில் ஃபைல்களைச் சுமந்துகொண்டு நானும் நின்றேன். கர்னல் துரை படித்துச் சிரித்தார். வேலையில்லாத நாளில் தீனி தேவையில்லை என்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஓட்டுகிறவனைத் தவிர ஒரு மூட்டையைக்கூடத் தூக்காத யந்திரம் எதற்கு என்றார் இன்னொரு துரை. பொடோபாபு அனுமதி கேட்டுக்கொண்டு வாயைத் திறந்தார்.

“கழுதைக்குட்டியுந்தான் மூட்டை தூக்காது சார். அதுக்கும் தீனி போடறோமே.”

துரைகள் முன்னால் அப்படிப் பேச எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும்.

நெடுநேரம் வாதாடிவிட்டு, வழக்கம்போல் கழுதைகளே வாங்க உத்தரவு போட்டார்கள். ஆனால் அடியில் ஒரு வரி இருந்தது: அந்த ஆற்றுக்கு, மழைக்கு முன்பாக, இரண்டு பெரிய படகுகள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து இனி அக்கரை சேரும். ஆகாயத்தைக் கேட்டுப் படகை வாங்கிய ராஜதந்திரத்தை, டிராமில் வழி நெடுக அவரிடமே வியந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“இல்லே மோஷாய்,” என்றார் இறங்கும்போது. “நான் விமானந்தான் கேட்டேன்.”