லாக் உடைத்த கேசட்

புதுக்கோட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கேசட் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதுவது, டெக் ஓட்டுவது எல்லாம் நான்தான். அந்தக் கடையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைக்கு வாடிக்கையாக வரும் கோட்டைப்பட்டினத்து ரஹீம் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது மூன்று இங்கிலீஷ் ஆல்பங்கள் கொண்டுவந்தார். இரண்டு பங்க், கிடார் அலறும் முரட்டு ராக் இசை. மூன்றாவது அதே வழியில் வந்த, கீபோர்டு வைத்த நியூ வேவ். அதில் ஒரு பெண் பாடவில்லை, கத்தினாள். பெண் குரல் என்றால் தேன் ஒழுக வேண்டும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது போதையாகவே இருந்தது. மூன்றும் சின்ன ஆல்பங்கள். ஒரே தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிந்து, பின்பக்க லாக்கை உடைத்து, டிராயரில் வைத்தேன். லாக் உடைத்தால் மேலே பதிய முடியாது. அண்ணன் ஒரிஜினல்களோடு திரும்பிப் போய்விட்டார்.

ஒருநாள் காலையில் டிராயரில் கேசட் இல்லை. முதலாளியிடம் கேட்டேன்.

"கல்யாண ஆர்டரு. எம்டி கேசட் தீந்துபோச்சு. தெரியாம எடுத்துட்டேம்மா. அதுக்குப்போயி மூஞ்சியத் தூக்குற?"

எனக்கு அழுகை வந்தது. பாவம், தெரியாமல்தானே என்று அடக்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருவர் அந்த கேசட்டோடு வந்து நின்றார்.

"என்னய்யா பதிஞ்சு குடுத்திருக்கீக? நாதஸ்வரம் முடிஞ்சதும் எவளோ கத்துறா! பந்தல்ல அம்புட்டு பேரும் சிரிக்கிறாக!"

முதலாளி ஒருமணி நேரத்துக்குத்தான் பதிந்திருக்கிறார். கடைசியில் என் பாட்டு மிச்சம்.

"எல்லாம் இந்தப் புள்ள வேலைங்க" என்று முதலாளி என்னைக் கை காட்டினார்.

கேசட்டை வாங்கித் திருப்பினேன். உடைத்த இரண்டு ஓட்டையின் மேலும் செலோடேப், கத்தரியால் நறுக்கி அழகாக ஒட்டியிருந்தது. ஓட்டையை அப்படி மூடினால்தான் மறுபடி மேலே பதிய முடியும்.

"தெரியாம எடுத்தவுக இத எப்புடிங்க ஒட்டுனீங்க?"

"ஆமா, நாந்தான் ஒட்டுனேன்! பொம்பளப் புள்ள கேக்குற பாட்டா அது? கடைக்கு வர்றவுக என்ன நெனப்பாக?"

நான் கத்தினேன். கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழியக் கத்தினேன். வந்தவர் கோபத்தை மறந்து ஒதுங்கி நின்றார். கேசட்டை எடுத்துக்கொண்டு இறங்கியவள் மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு எல்லாரும் பொறுமையைத்தான் சொல்லித்தருகிறார்கள். நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு மூன்று இடத்தில் வேலை பார்த்தேன். என் பொருளைக் கேட்காமல் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.