டவர் இருந்தது

இன்று மதியம் பிரான்சிலிருந்து சித்தி வீடியோ காலில் வந்தார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் கிராமம் கிராமமாகப் போகிறார்களாம். ஜன்னலில் சூரியகாந்தி வயல் ஓடியது. பின்சீட்டில் பிள்ளைகள்.

"அக்காவக் கூப்புடுடி."

அம்மா மரவள்ளிக் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். புடவைமேல் அப்பாவின் கிழிந்த சட்டை, காலெல்லாம் செம்மண். அந்தப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று கூச்சமாகிவிட்டது.

"டவர் இல்ல சித்தி" என்று போனை வைத்துவிட்டு, நெட்டையும் அணைத்துவிட்டேன்.

"இன்னாடி, அதுக்குள்ள வெச்சிட்டாளா?"

"டவர் இல்லமா."

அம்மா சட்டையைக் கழற்றினார், முகம் கழுவினார், போனை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைப் பாறைமேல் ஏறினார். ஒரு மணி நேரம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பாவம், காட்டுவழியா போய்க்கினு இருக்கா. அங்கயும் டவர் இருக்காது" என்று இறங்கி வந்தார்.

நெட்டைப் போட்டதும் சித்தி அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. "நானும் உங்கப்பா சட்டைய மாட்டிக்கினு களையெடுத்தவதான்னா பசங்க நம்பல. அக்காவ அந்தச் சட்டையோடவே காட்டுடி."

அம்மாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை. அவர் பேஸ்புக்கில் இல்லாததால்தான் இங்கே தைரியமாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி டவர் போனதுண்டா?