ஒற்றைக் கையால் உலை வைத்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இதை எழுத உட்கார்ந்து நாலைந்து முறை எழுந்துவிட்டேன். துக்கத்தைவிட அசதிதான் அதிகம் என்று சொன்னால் யாரும் தவறாக எண்ண வேண்டாம். ஆறு ஆண்டுகள் அவரைச் சுற்றியே ஓடிய உடம்பு இது.

ஆழ்வார்திருநகரிப் பக்கம் நெல்வயலை நம்பியிருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் தவறிவிட்டதால் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். பிறகு கிரேன் ஓட்டுநர் ஆனார். தங்கையான எனக்குத் திருமணம் முடித்து வைத்த பிறகே தானும் மணந்தார். பிள்ளைகள் இல்லை. மதினி காலமான மறு வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறியது. வலது கை தேறவேயில்லை.

டவுனில் உள்ள என் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். முத்தையாபுரத்தில் மதினியோடு வாழ்ந்த வீட்டிலேயே இருந்தார். தினமும் சமைத்து, தூக்குச்சட்டியோடு பஸ் ஏறுவேன். ஐந்து மாதம் அப்படிப் போனது.

ஐப்பசி மழையில் ஒருநாள் பஸ் வரவில்லை. நனைந்துகொண்டு போய்ச் சேர மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. முந்தின நாள் சோற்றை இடது கையால் உண்ணப் பார்த்திருக்கிறார். தட்டு வழுக்கித் தரையெல்லாம் சோறு. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"செத்த நேரம் பொறுக்கக் கூடாதா அண்ணே? எத்தன நாளைக்குத்தான் நான் இப்படி ஓடுவேன்?"

அவர் குனிந்து பருக்கைகளைப் பொறுக்கினார். நிமிராமலே சொன்னார்: "ஏளா, நாளையிலேர்ந்து வராத."

மூன்று நாள் நான் போகவில்லை. கோபம் பாதி, உடம்பு வலி பாதி. நாலாம் நாள் போனேன். வாசலிலேயே பருப்பு அடிப்பிடித்த வாடை. அவருடைய இடது மணிக்கட்டில் கொப்புளம். அடுப்பில் சோறு.

"ஏளா, வெந்துட்டா வேகலையான்னு தெரியல. நீயே தின்னு சொல்லு."

பாதி வெந்திருந்தது. இருவரும் உண்டோம்.

பிறகு ஒரு கையால் சமாளிக்கும் வழிகளை அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். நம் உறவில் யாருக்காவது உதவும் என்று அவற்றை எழுதுகிறேன். தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. பலகையில் அடியிலிருந்து இரண்டு ஆணி அடித்து, மேலே நீட்டும் முனையில் வெங்காயத்தைக் குத்தி நிறுத்தி நறுக்குவார். கொதிக்கும் பானையைத் தூக்கவே மாட்டார். துளைக்கரண்டியால் சோற்றை அள்ளிவிடுவார். சட்டை போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். குளியலறைக் கதவைச் சாத்தலாம், தாழ் போடக் கூடாது. செல்போன் எப்போதும் கழுத்துக் கயிற்றில் தொங்கும். "வுழுந்தா நாம கெடக்குற எடத்துலதான் அதுவும் கெடக்கணும்லா" என்பார்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. ஒரு பொத்தானோடு அரை மணி நேரம் போராடி, அலுத்துப்போய் திறந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் கை நீட்டினால், "கூப்பிட்டா வா. அதுவர சும்மா இரு" என்பார். பஸ்ஸில் நின்றுகொண்டு போன களைப்பைவிட, பக்கத்திலிருந்து கைகட்டிப் பார்த்திருந்த களைப்பு பெரிது.

கடைசியில் நெஞ்சுச்சளி முற்றி ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். எட்டாம் நாள் காலை, இட்லித் தட்டை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"ஏளா, ஊட்டி விடுதியா? எனக்கு அசந்துட்டு."

ஒன்றரை இட்லி உண்டார். மறுநாள் போய்விட்டார்.

அவர் கேட்டால் பால் பாக்கெட்டை வெட்டியே கொடுத்த கடை அண்ணாச்சிக்கும், காலையில் ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டாருக்கும், பார்க்க வந்த துறைமுக நண்பர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தெருவில் அவர் தடுமாறிய போதெல்லாம் ஓடிவந்து தூக்காமல், எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.