பேர் போட்ட திரி

எங்கள் வீட்டு வெந்நீர்ப் பை மனிதருக்கு ஒத்தடம் கொடுத்ததைவிட ஸ்டிக்கர் தாளுக்கு ஒத்தடம் கொடுத்ததுதான் அதிகம். சிவப்பு ரப்பர் இப்போது வெளிறிவிட்டது; மூடி அருகே சைக்கிள் டியூப் ஒட்டு ஒன்று இருக்கிறது. எங்கள் நீலகிரி ஊரான எமரால்டில் ஜூலை பிறந்தால் அதில் வெந்நீர் நிரப்பி, துண்டு சுற்றி மேசைமேல் வைத்து, ஸ்டிக்கர் தாள்களை ஒவ்வொன்றாக அதன்மேல் பரப்புவேன். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் டீயைக் குடிப்பார்கள். என் நாத்தனாரின் முழங்காலுக்காக வாங்கிய பை அது. அவர் அதை மூன்றே நாளில் ஸ்டிக்கர் வெட்டும் மிஷினுக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று எங்களோடு இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நாத்தனார் இருக்கிற வீடு என்று பயமுறுத்தித்தான் என்னை அனுப்பினார்கள். பயந்தது வீண்போகவும் இல்லை. நான் மடித்து வைத்த புடவையைப் பிரித்து மறுபடி மடிப்பார். நான் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளி வைத்தால் அன்று முழுவதும் அந்தப் பக்கமே நடக்கமாட்டார். ஆனால் ஒருவருக்கு ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டால் காய்ச்சலோடு எழுந்து செய்வார். அந்தப் பிடிவாதத்தை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தபோதுதான் அவரையும் பிடிக்க ஆரம்பித்தது.

எங்கள் கோயில் திருவிழா ஆகஸ்டில் வரும். அன்றுதான் பிள்ளைகள் புதுநன்மை வாங்குவார்கள். முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடையில், கையில் எரியும் மெழுகுதிரியோடு வரிசையாகப் போவார்கள். அந்தத் திரிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கிண்ணப் படமும் அதன் கீழே அந்தப் பிள்ளையின் பேரும் இருக்கும். அண்ணியின் வேலை அது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, பிளேடால் பேரை வெட்டி, திரிமேல் வைத்து, ஸ்பாஞ்சில் பெயிண்ட் தொட்டு ஒற்றியெடுப்பார். ஒரு எழுத்து கால் அங்குல உயரம்தான்.

எதற்கு இவ்வளவு பாடு என்று ஒரு தடவை கேட்டேன். "நான் புதுநன்மை வாங்கினப்ப, பூசை முடிஞ்சதும் உபதேசியார் பெட்டியோட வந்து திரியத் திருப்பி வாங்கிட்டாரு அம்மிணி. அடுத்த வருசத்துப் பிள்ளைகளுக்கு வேணுமல்லோ. அப்பல்லாம் அப்படித்தான். ஊட்டுக்குக் கொண்டுபோயி அம்மாகிட்ட காட்டோணும்னு இருந்தேன். பேரு போட்டுட்டா யாரு திருப்பிக் கேப்பா?" என்றார். சொல்லிவிட்டு ஏதோ ரேஷன் கடை விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஒரு வருடம் குளிரில் அவர் விரல் மூட்டுகள் வீங்கி, பிளேடு பிடிக்க முடியாமல் போயிற்று. இருபத்து மூன்று பிள்ளைகளின் வீட்டிலும் பேர் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பங்குச் சாமியார் நல்ல மனுஷர். கிண்ணம் அச்சடித்த திரியே கடையில் கிடைக்கிறதே, பேர் எதற்கு என்றார். அண்ணி அவரிடம் சரிங்க ஃபாதர் என்று சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பிளக் இருக்கிற எந்தப் பொருளும் என் பொறுப்பு என்பது வீட்டில் முடிவான விஷயம். "ஸ்டிக்கர் வெட்டுற மிஷின் இருக்குதாம். நம்ம சக்திக்குத் தக்க மாதிரி சின்னதா ஒண்ணு பாரு. ஆனா 'ண'வோட சுழி கெடாம வெட்டோணும்."

ஒரு மாதம் போனில் வீடியோ பார்த்தேன். காருக்கும் கடைபோர்டுக்கும் வெட்டுகிற நாலடி மிஷின் நமக்கு வேண்டாம். சின்ன எழுத்துக்கு அகலத்தால் பயனில்லை. இன்னொன்று பார்க்க அழகு, ஆனால் அதன் சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் சந்தா. பிளேடின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்க முடியவேண்டும், வேகத்தைக் குறைக்க முடியவேண்டும், பிளேடு அதன் பிடியில் ஆடக்கூடாது. நுணுக்க வேலைக்கு இவ்வளவு போதும் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அண்ணி கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டு, "வெட்டிக் காட்டச் சொல்லு, பாத்துக்கலாம்" என்றார்.

கோயமுத்தூர் போனோம். கடைக்காரர் எங்களுக்காக ஒரு பட்டாம்பூச்சியை வெட்டிக் காட்டினார். அண்ணி ரசித்துப் பார்த்தார். "ஏனுங்க, பட்டாம்பூச்சி அருமையா இருக்குதுங்க. எங்க பிள்ளைக யாருக்கும் பட்டாம்பூச்சின்னு பேரு இல்லைங்க. இதை வெட்டிக் காட்டுங்க" என்று கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அந்த வருடத்துப் பிள்ளை ஒருத்தியின் பேர்: அந்தோணியம்மாள், கால் அங்குலம். முதல் மிஷினில், சுழிக்குள் இருக்கவேண்டிய பொட்டு பிளேடோடு கிளம்பி வந்துவிட்டது. இரண்டாவதில் கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. எழுத்தெல்லாம் வாய் திறந்து நின்றது. மூன்றாவது தையல் மிஷின் அளவுதான், விலையும் எட்டுகிற விலை. வேகத்தைக் குறைத்து ஓடவிட்டார்கள். அண்ணி சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார்; எழுத்து போன ஓட்டையில்தான் பெயிண்ட் ஒற்றவேண்டும். கடுகைவிடச் சின்னப் பொட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. "இதான்" என்றார். நான் தேர்வு எழுதிப் பாஸானதுபோல உட்கார்ந்திருந்தேன்.

திருவிழா ஞாயிறன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் திரியை எடுத்தோம். மிஷின் ஒழுங்காகத்தான் வெட்டியது. ஆனால் எழுத்துகளை எடுத்துவிட்ட தாளை மாஸ்கிங் டேப்பில் தூக்கித் திரிமேல் அழுத்தி டேப்பை உரித்தால், சுழி, பொட்டு எல்லாம் டேப்போடு திரும்பி வந்தன. ஏழு தாள் வீணானது. வெளியே மழை, கை விறைத்தது, எனக்கு அழுகை வந்தது. மட்டமான மிஷினை அவர் தலையில் கட்டிவிட்டேனே என்று இருந்தது. "பேரில்லாமலே கொடுத்துடலாம் அண்ணி" என்று சொல்லியும்விட்டேன்.

அண்ணி ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "மிஷின் மேல தப்பில்ல அம்மிணி. கோயமுத்தூரு வெயில்ல ஒட்டுச்சு. வெயில அங்கயே உட்டுட்டு மிஷின மட்டும் வாங்கிட்டு வந்துட்டோம்." கோயமுத்தூருக்கு மலையிறங்கும்போது பர்லியாறு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்த நாங்கள்தான் அதை யோசிக்காமல் விட்டோம். அண்ணி வெட்டிய தாள்களை அடுக்கி, ஸ்வெட்டரைத் தூக்கி, வயிற்றோடு வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "முட்டையிலிருந்து எத்தனை குஞ்சு வருதுன்னு பாப்போம், நீ டீ போடு." திரியைத் துடைத்து உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றி, அவர் வயிற்றிலிருந்து வந்த முதல் தாளை அழுத்தினேன். ஒட்டியது. மேலே பெயிண்ட் ஒற்றித் தாளை உரித்தால் பேர் சுத்தமாக நின்றது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருபத்து மூன்றும் முடிந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணி கோயில் கேட்டருகே போய் நின்றார். பிள்ளைகள் திரியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவதைக் கடைசிப் பிள்ளை வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதன்பிறகு ஐந்து திருவிழாக்கள் சேர்ந்து வெட்டினோம். வெந்நீர்ப் பை வந்தது இரண்டாம் வருடம். மீந்த தாளில் உங்கள் பேரையும் வெட்டித் தருகிறேனே என்பேன். "எனக்கா? புதுநன்மை வாங்குற வயசா எனக்கு?" என்று தாளைச் சுருட்டி வைத்துவிடுவார்.

அந்தப் பை வந்தபிறகு, அது இல்லாமல் நான் ஒரே ஒரு பேர்தான் ஒட்டியிருக்கிறேன். போன வருடம் ஜூனில், நெஞ்சுச் சளி முற்றி ஊட்டி ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணியைக் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அடக்கம் நாலு மணிக்கு. வீடு நிறைய ஆட்கள். நான் உள்ளறைக்குப் போய் மிஷினைப் போட்டேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அத்தனை பிள்ளைகளின் பேரை அடித்த கையால் அவர் பேரை அன்றுதான் முதல் முறையாக அடித்தேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, வெந்நீருக்கு வழியில்லை. தாளை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் சூட்டுக்கு வந்தது. அதுவரை அழாதவள் அப்போது அழுதேன்.

ஜெபமாலை சுற்றிய அவர் கைகளுக்கிடையே திரியை வைத்தேன். பெட்டியை மூட வந்த உபதேசியார் அதைப் பார்த்துத் தயங்கினார்.

"திரிய எடுத்துரட்டுங்களா?"

"வேண்டாங்க. பேரு போட்டிருக்குதுங்க" என்றேன். "அது அவங்களோடதுங்க."