சாணக் கலனில் காது வைத்தவர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒற்றை மாட்டில் தொடங்கி வேப்பந்தட்டையில் நாற்பது மாடு கட்டியவன். யாருக்கும் பயந்ததில்லை, அவரைத் தவிர. சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளியேறும் குழம்பை மக்காச்சோளத்துக்கு உரமாகப் பாய்ச்ச வந்த கூலிக்காரர். ஒல்லி, இமைக்காத கண். வேலைக்கு முன் எப்போதும் கலனின் மேல் காதை வைப்பார்.

ஒருநாள் வெகுநேரம் காதை எடுக்கவில்லை. “அய்யா, உள்ள கன்னுக்குட்டி எதுவும் போட்டீங்களா?”

செத்துப் பிறந்த கன்றைப் புதைக்கச் சோம்பி, யாரும் பார்க்காமல் நான்தான் உள்ளே தள்ளியிருந்தேன்.

“யோவ், உளறாத. பயிரு வெளுத்துக் கெடக்கு, பாய்ச்சு.”

“பாய்ச்சுறேங்க. தாய்மாடு கண்டுபுடிச்சுக்கும்.”

மக்காச்சோளம் கருகருவென்று எழுந்தது. அவர் பிறகு வரவில்லை. அந்தத் தாய்ப்பசு மட்டும் தினமும் கயிற்றை அறுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறது. ஒரு தோகையைக்கூடக் கடிப்பதில்லை. கன்றை நக்குவதுபோல் பயிரை நக்கிக்கொண்டே நிற்கிறது. ஓட்டிவர நான் போவதில்லை.